மரத்தடி மருத்துவம்

உடம்புக்கு நோய் வந்தால் நாம் அதை ஒளிப்பதில்லை. "காய்ச்சல்" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். அறை நண்பர் கஞ்சி வாங்கி வருகிறார். இன்னொருவர் வகுப்புக் குறிப்பை எழுதிக் கொடுக்கிறார். மனத்துக்கு நோய் வந்தாலோ நிலைமை வேறு. தூக்கம் போய்விடுகிறது, சோறு இறங்குவதில்லை, புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. "என்ன ஆயிற்று?" என்று யாரேனும் கேட்டால், "ஒன்றுமில்லை, ஏதோ யோசனை" என்று விடை சொல்லி விலகிவிடுகிறோம்.

"யோசனை" என்னும் இந்தச் சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். "அவள் எதையோ யோசித்து யோசித்து இளைத்துப் போனாள்" என்று நம் வீடுகளில் பேசுவதுண்டு. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் பெருவாரியான மக்கள் பேசும் ஷோனா மொழியிலும் இதே கருத்துள்ள சொல் ஒன்று இருக்கிறது: "குஃபுங்கிசிசா". அளவுக்கு மீறி யோசித்தல் என்பது அதன் பொருள். மருத்துவர்கள் மனச்சோர்வு என்றும் பதற்றம் என்றும் பிரித்துச் சொல்லும் இரண்டையும் அந்த மக்கள் பெரும்பாலும் இந்த ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். அந்தச் சொல்லையே அடிப்படையாகக் கொண்டு, அந்நாட்டில் ஒரு சிகிச்சை முறை எழுந்தது. அதற்குப் பெரிய கட்டடம் இல்லை. விலையுயர்ந்த கருவி இல்லை. ஒரு மர பெஞ்சும் ஒரு பாட்டியுமே அதன் முதல். அதன் பெயர் தோழமைப் பெஞ்சு. அதன் வரலாற்றையும், அது வேலை செய்யும் விதத்தையும், அது மெய்யாகவே பலன் தருகிறதா என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

பதினைந்து டாலர்

2005ஆம் ஆண்டு ஜிம்பாப்வேயில் அரசாங்கம் நகர்ப்புறக் குடிசைகளையும் சிறு கடைகளையும் இடித்துத் தள்ளியது. ஏறத்தாழ 7 லட்சம் மக்கள் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தனர் என்று ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டது. முன்னரே எச்.ஐ.வி. நோயாலும் வறுமையாலும் நொந்திருந்த மக்கள் அவர்கள். நாடு முழுவதுக்கும் இருந்த மனநோய் மருத்துவர்களையோ விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களுள் ஒருவர் டாக்டர் டிக்ஸன் சிபாண்டா.

அவரிடம் சிகிச்சை பெற்றுவந்த இளம்பெண் ஒருத்தி அந்த ஆண்டில் தற்கொலை செய்துகொண்டாள். அடுத்த முறை அவள் ஏன் மருத்துவமனைக்கு வரவில்லை என்று டாக்டர் கேட்டபோது, பஸ் கட்டணத்துக்குரிய 15 டாலர் தங்களிடம் இல்லை என்று தாய் சொன்னாள். மருந்து இருந்தது, மருத்துவர் இருந்தார், இரண்டுக்கும் நோயாளிக்கும் இடையே பதினைந்து டாலர் தூரம் இருந்தது. நோயாளி மருத்துவரைத் தேடி வருவதற்குப் பதிலாக, உதவி நோயாளியின் தெருவுக்கே போனால் என்ன என்ற எண்ணம் சிபாண்டாவின் உள்ளத்தில் வேரூன்றியது அப்போதுதான்.

பதினான்கு பாட்டிமார்

2006ஆம் ஆண்டு தலைநகர் ஹராரேயில் ம்பாரே என்னும் பழைய, நெரிசல் மிகுந்த பகுதியில் அவர் வேலையைத் தொடங்கினார். அவருக்குத் துணையாகச் செவிலியர் கிடைக்கவில்லை. மருந்தகத்தில் அறையும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் 14 பாட்டிமார். சுகாதாரத் தொண்டர்களாக அந்தத் தெருக்களில் ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அறை இல்லாததால் மருந்தகத்தின் வெளியே மரத்தடியில் ஒரு பெஞ்சைப் போட்டார்கள். இல்லாமையே ஏற்பாடாக அமைந்தது.

முதலில் டாக்டர் அதற்கு "மனநலப் பெஞ்சு" என்று பெயர் வைக்க எண்ணினார். பாட்டிமார் ஒப்பவில்லை. அந்தப் பெயர் இருந்தால் ஒருவரும் வந்து உட்காரமாட்டார்கள் என்றார்கள். உண்மைதானே? "மனநோய்" என்ற பலகைக்குக் கீழே உட்கார நம்மில் யார் துணிவோம்? அவர்கள் சொன்ன பெயர்தான் தோழமைப் பெஞ்சு. மருத்துவ நூல்களின் வறண்ட சொற்களையும் அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். சிகிச்சையின் மூன்று படிகளுக்கும் ஷோனா மொழியிலேயே பெயர் அமைந்தது: மனத்தைத் திறத்தல், தூக்கி நிறுத்துதல், வலுப்படுத்துதல்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். பாட்டிமார் ஆறுதல் சொல்வது புதுமையா? எந்த ஊரில் பாட்டி ஆறுதல் சொல்லவில்லை? ஆனால் இந்தப் பாட்டிமார் செய்தது அதுவன்று. பயிற்சியின்போது அவர்கள் முக்கியமாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது, அறிவுரை சொல்லாமல் இருப்பதைத்தான். வயதும் அனுபவமும் உடையவருக்கு இது எவ்வளவு அரிது என்பதை நாம் அறிவோம். ஒருவர் துயரத்தைச் சொல்லத் தொடங்கிய மறுகணமே நம் நாவில் ஒரு தீர்வு வந்து நின்றுவிடுகிறது. அந்த நாவை அடக்கிக் காதைத் திறப்பதுதான் இம்முறையின் முதற் பாடம்.

பெஞ்சில் நடப்பது என்ன?

மருந்தகத்துக்கு வருகிறவரிடம் முதலில் 14 கேள்விகள் கேட்கப்படுகின்றன. கடந்த ஒரு வாரத்தில் அளவுக்கு மீறி யோசித்தீர்களா, தூக்கம் கெட்டதா, அற்பக் காரியத்துக்குக் கோபம் வந்ததா, அழவேண்டும் போல் இருந்ததா, செத்துப்போகலாம் என்று தோன்றியதா என்பன போன்ற கேள்விகள் அவை. மேல்நாட்டு வினாத்தாளை மொழிபெயர்த்தவை அல்ல. ஷோனா மக்கள் தங்கள் வேதனையை எவ்வாறு சொல்லுகிறார்கள் என்று கேட்டறிந்து ஆக்கப்பட்டவை. ஒவ்வொரு "ஆம்" என்ற விடைக்கும் ஒரு மதிப்பெண். மதிப்பெண் ஓர் எல்லையைத் தாண்டினால் அவர் பெஞ்சுக்கு அனுப்பப்படுகிறார்.

பெஞ்சில் ஆறு சந்திப்புகள் வரை நடைபெறும். முதற் சந்திப்பே நீண்டது. அதில் வந்தவர் தம் மனத்திலுள்ளதை எல்லாம் கொட்டிவிடுகிறார். பாட்டி கேட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டவற்றைச் சுருக்கித் திரும்பச் சொல்லி, "நான் புரிந்துகொண்டது சரிதானா?" என்று வினவுகிறார். அதன் பிறகு, சொன்னவற்றுள் எந்த ஒன்றை முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்கிறார். தேர்ந்தெடுப்பவர் பாட்டி அல்லர், வந்தவரே.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். கணவனைப் பிரிந்த பெண் ஒருத்தி வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை பாக்கி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், உறவினரின் ஏச்சு, தீராத தலைவலி என்று அவள் அடுக்குகிறாள். இவற்றுள் பள்ளிக் கட்டணத்தை முதலில் எடுத்துக்கொள்வதாக அவள் சொல்லுகிறாள். "அதற்கு என்னென்ன செய்யலாம்?" என்று பாட்டி கேட்கிறார். அண்ணனிடம் கடன் கேட்கலாம். தக்காளி வாங்கி விற்கலாம். தலைமையாசிரியரைக் கண்டு தவணை கேட்கலாம். மூன்றையும் எடைபோட்டுப் பார்த்து, தலைமையாசிரியரைக் காண்பது என்று அவளே முடிவு செய்கிறாள். பாட்டி அத்துடன் விடுவதில்லை. எந்த நாள் போவாய்? எத்தனை மணிக்கு? கைக்குழந்தையை யாரிடம் விட்டுப் போவாய்? வியாழக்கிழமை காலை, அடுத்த வீட்டுக்காரியிடம் குழந்தையை விட்டுவிட்டு, என்று திட்டம் உறுதியாகிறது. அடுத்த வாரம் அவள் திரும்பி வந்து நடந்ததைச் சொல்லுவாள். காரியம் பலித்தால் அடுத்த சிக்கல். பலிக்காவிட்டால் அடுத்த வழி.

இவ்வளவுதானா என்று தோன்றும். மனச்சோர்வு ஒருவரை என்ன செய்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் ஆழம் விளங்கும். சோர்வுற்ற மனத்தில் எல்லாத் துன்பங்களும் ஒன்றாகத் திரண்டு சிக்குண்ட நூற்கண்டு போல் ஆகிவிடுகின்றன. எந்த நுனியைப் பிடிப்பது என்று தெரியாமல் யோசனை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகிறது. "என்னால் ஒன்றும் ஆகாது" என்ற எண்ணம் தடிக்கிறது; ஒன்றும் செய்யாமல் இருப்பதால் அந்த எண்ணம் மேலும் தடிக்கிறது. பெஞ்சில் நடப்பது ஒரே ஒரு நுனியைக் கண்டுபிடித்து இழுக்கும் முயற்சி. அந்த ஒரு சிக்கல் அவிழ்வது மட்டும் பயன் அன்று. "நான் எண்ணினேன், செய்தேன், ஏதோ மாறிற்று" என்ற அனுபவம் திரும்பி வருவதே பெரும் பயன். பாட்டியே தீர்வைக் கொடுத்துவிட்டால் சிக்கல் ஒருவேளை தீரும். அந்த அனுபவம் மட்டும் வராது. அறிவுரை விலக்கப்பட்டதன் காரணம் இதுதான். உளவியலார் இம்முறையைப் பிரச்சினை தீர்க்கும் சிகிச்சை என்பர்.

சந்திப்புகளுக்குப் பிறகு மற்றொரு படியும் உண்டு. பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்கள் குழுவாகக் கூடுகிறார்கள். கைகோத்து நிற்றல் என்ற கருத்தில் அக்குழுவுக்கு ஷோனா மொழியில் பெயர். அங்கே பழைய பிளாஸ்டிக்கைக் கீற்றுகளாக்கிப் பைகள் பின்னிக்கொண்டே பேசுகிறார்கள். கை வேலை செய்கிறது, வாய் பேசுகிறது, சிறிது வருமானமும் வருகிறது. தனக்கு மட்டுமே இந்தத் துன்பம் என்று எண்ணியிருந்தவர், அந்த வட்டத்தில் தம்மைப் போன்ற பலரைக் காண்கிறார்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பாட்டிமார் தனியே விடப்படவில்லை. அவர்களுக்கு மேலே மேற்பார்வையாளர் உண்டு. அவருக்கு மேலே மருத்துவர் உண்டு. தற்கொலை எண்ணம் முற்றியவர், புத்தி பேதலித்தவர் போன்றோரைத் தாமே வைத்துக்கொள்ளாமல் உடனே மேலே அனுப்பவேண்டும் என்பது கண்டிப்பான விதி.

சோதனை என்ன சொல்கிறது?

மக்கள் குணமடைந்ததாகச் சொல்வது மட்டும் விஞ்ஞானத்துக்குப் போதாது. மனச்சோர்வு பலருக்குக் காலப்போக்கில் தானாகவே குறைவதுண்டு. பெஞ்சில் உட்காராவிட்டாலும் அவர்கள் தேறியிருக்கமாட்டார்களா? இதற்கு விடை காண ஒப்பீடு வேண்டும்.

அத்தகைய சோதனை ஹராரேயில் நடந்தது. 24 மருந்தகங்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் தோழமைப் பெஞ்சு. மறு பாதியில் வழக்கமான கவனிப்பு. ஆட்களைப் பிரிக்காமல் மருந்தகங்களைப் பிரித்தது ஏன்? ஒரே மருந்தகத்தில் சிலருக்குப் பெஞ்சும் சிலருக்கு இல்லாமையும் என்றால், இரு சாராரும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருப்பார்கள், ஒருவர் கற்றதை மற்றவர் கேட்டறிவார், ஒப்பீடு கலங்கிவிடும். சோதனையில் சேர்ந்தவர் 573 பேர். பெரும்பாலோர் பெண்கள், பத்தில் நான்கு பேர் எச்.ஐ.வி. நோய்க்கு ஆளானவர்கள்.

ஆறு மாதங்களுக்குப் பின் மீண்டும் அளந்தார்கள். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் சுமார் 50 சதவீதத்தினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் நீடித்தன. பெஞ்சில் அமர்ந்தவர்களில் அது சுமார் 14 சதவீதமே. பதற்றம் 48க்கு 12. தற்கொலை எண்ணம் 12க்கு 2. இம்முடிவு 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளிவந்தது.

இந்த எண்களை நிதானமாகப் படிக்கவேண்டும். பெஞ்சு இல்லாத பக்கத்திலும் பாதிப் பேர் தேறியிருக்கிறார்கள். ஒப்பீடு இல்லாமல் பெஞ்சுக்காரர்களை மட்டும் பார்த்திருந்தால், அந்தத் தேற்றத்தையும் பெஞ்சின் கணக்கிலேயே எழுதியிருப்போம். இன்னும் இரண்டு குறைகளும் உண்டு. ஆண்கள் குறைவாக இருந்ததால் ஆண்களுக்கு இம்முறை எவ்வளவு பொருந்தும் என்பதை இந்தச் சோதனை மட்டும் கொண்டு அறுதியிட முடியாது. அளவும் ஆறு மாதத்தோடு நின்றது. இவற்றைக் கழித்த பின்னும், ஐம்பதுக்கும் பதினான்குக்கும் உள்ள இடைவெளி சிறிதன்று. பின்னர் மலாவி, சான்சிபார், நியூயார்க் முதலிய இடங்களுக்கும் பெஞ்சு சென்றது.

கோவாவில்

இது ஆப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதென்று எண்ணவேண்டாம். மேலே சொன்ன 14 கேள்விகளை ஆக்கிய ஆய்வாளர்களுள் முக்கியமானவர் விக்ரம் படேல் என்னும் இந்தியர். 1990களின் தொடக்கத்தில் அவர் ஹராரேயில் ஆராய்ச்சி செய்தார். பின்னர் கோவாவுக்கு வந்து, 1996இல் சங்காத் என்னும் அமைப்பை மற்றவர்களோடு சேர்ந்து நிறுவினார்.

மருத்துவப் படிப்போ உளவியல் படிப்போ இல்லாத சாதாரண மக்களுக்குப் பயிற்சி தந்து, அவர்களை அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆலோசகராக அமர்த்தியது சங்காத். கோவாவில் கையாண்ட ஒரு முறையில் சிக்கலுக்குப் பதிலாகச் செயலே நுனி ஆகிறது. சோர்வுற்றவர் முன்பு விரும்பிச் செய்த காரியங்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டிருப்பார். அவற்றுள் சிலவற்றைச் சிறிது சிறிதாக மீண்டும் தொடங்கச் செய்வதே சிகிச்சை. மனம் தெளிந்த பின் நடக்கலாம் என்று காத்திராமல், நடந்தால் மனம் தெளியும் என்ற கொள்கை அது. ஆறு முதல் எட்டுச் சந்திப்புகள். 10 சுகாதார நிலையங்களில் 495 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், மூன்று மாதங்களில் இச்சிகிச்சை பெற்றவர்களில் 64 சதவீதமும் பெறாதவர்களில் 39 சதவீதமும் சோர்வு நீங்கப் பெற்றனர்.

இதன் தேவை நம் நாட்டில் எவ்வளவு என்பதற்கு ஓர் எண் போதும். 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, மனச்சோர்வு, பதற்றம் போன்ற பொதுவான மனநோய்களுக்கு ஆளானவர்களில் 85 சதவீதத்தினர் சிகிச்சை பெறவில்லை. அத்தனை பேருக்கும் மருத்துவரே முதலில் வரவேண்டும் என்றால் பல தலைமுறைகள் காத்திருக்க நேரும்.

நாம் கற்கக்கூடியது

நண்பர்களே, ஊரை விட்டு வந்து படிக்கும் நமக்கு இந்த வரலாறு நெருங்கிய ஒன்று. இங்கே வகுப்பில் ஆங்கிலம், கடைத்தெருவில் வேற்று மொழி. பாடத்தில் வரும் ஐயத்தை எந்த மொழியிலும் கேட்டுவிடலாம். நெஞ்சு அடைப்பதைச் சொல்ல மட்டும் தாய்மொழியே முந்துகிறது. "மனசே சரியில்லை", "எதிலும் பிடிப்பில்லை", "வெறிச்சென்று இருக்கிறது" என்பவற்றை அப்படியே புரிந்துகொள்ளும் காது இவ்வூரில் யாரிடம் இருக்கும்? பெரும்பாலும் மற்றொரு தமிழ் மாணவரிடத்தில்தான். ஆகவே நம்மில் ஒவ்வொருவரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், என்றேனும் ஒருநாள் யாருக்கோ பெஞ்சின் மறுபக்கத்தில் உட்கார வேண்டியிருக்கும்.

அப்போது நாம் வழக்கமாகச் சொல்வது என்ன? "இதற்கெல்லாமா கவலைப்படுவது?" "வா, சினிமாவுக்குப் போகலாம்." "என் அண்ணனுக்கு இதைவிடக் கஷ்டம்." எல்லாம் அன்பினால் சொல்வனவே. ஆனால் ஒவ்வொன்றும் பேச்சை முடித்துவிடும் சொல். ம்பாரேயின் பாட்டிமார் பேச்சைத் தொடங்கும் சொற்களைக் கற்றார்கள்: "சொல்லு, கேட்கிறேன்." "நீ சொன்னதில் எது உன்னை அதிகம் அழுத்துகிறது?" "அதற்கு முதலில் எதைச் செய்து பார்க்கலாம் என்று நினைக்கிறாய்?" "வெள்ளிக்கிழமை மாலை வந்து என்ன ஆயிற்று என்று கேட்கட்டுமா?" கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஒருமுறை கேட்டுவிட்டுப் போவதைக் காட்டிலும் மறுமுறை வந்து கேட்பதே துணை என்பது.

ஒரு தடையையும் சொல்லவேண்டும். இக்கட்டுரையைப் படித்துவிட்டு விடுதி மரத்தடியில் நாளைக்கே ஒரு பெஞ்சைப் போட்டுச் சிகிச்சை தொடங்கிவிடக் கூடாது. பாட்டிமாருக்குப் பயிற்சி இருந்தது, மேற்பார்வை இருந்தது, மருத்துவருக்கு அனுப்பும் வழி இருந்தது. நம்மால் இயல்வது நல்ல காது கொடுப்பதும், தேவைப்படும்போது கூடவே நடந்து போய் மருத்துவரிடம் சேர்ப்பதும். இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வோ பதற்றமோ நீடித்தால், படிப்பும் உணவும் உறக்கமும் குலைந்தால், மருத்துவரைக் காணவேண்டிய நேரம் வந்துவிட்டது. சாவைப் பற்றிய பேச்சு எழுந்தால் அதை விளையாட்டென்று தள்ளக் கூடாது. தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவ்வாறானவரைத் தனியே விடாமல் உடனே உதவி தேடவேண்டும். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண். இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குவது அது. தமிழிலும் பேசலாம் என்பது நமக்கு மேலும் நன்மை.

நம் சங்கத்தில் பொங்கல் விழா நடத்துகிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம், புதிதாக வரும் மாணவரை ரயில் நிலையத்துக்குப் போய் அழைத்து வருகிறோம். இவற்றோடு, பல்கலைக் கழகத்தின் மருத்துவ நிலையத்து உதவியோடு, கேட்கும் பயிற்சியை ஆண்டுதோறும் சிலருக்கு அளிப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். முதலாண்டு மாணவர் எல்லாருக்கும், எந்த அறைக் கதவைத் தட்டலாம் என்று வந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிடலாம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஹராரேயில் ஒரு பெண்ணுக்கும் அவளுடைய மருத்துவருக்கும் நடுவே நின்றது பதினைந்து டாலர். இங்கே ஒரு மாணவருக்கும் உதவிக்கும் நடுவே நிற்பது, பல வேளைகளில், பக்கத்து அறைக்குப் போகும் பத்தடி நடையே. அந்தப் பத்தடியை அவர் நடக்கட்டும் என்று காத்திராமல் நாம் நடப்போமாக.